மேப்பிள் மேட்டுக்கு நாள் பார்த்தோம்

அந்தச் செப்டம்பர் முழுக்க எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. விடிந்ததும் காபியைக் குடுவையில் ஊற்றிக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவேன். ஏரிக்கரைச் சாலையை விட்டு, மரம் வெட்டுகிறவர்கள் போட்ட மண்சாலையில் ஏறி, அது முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி எதிரே இருக்கும் மேட்டை முறைத்துப் பார்ப்பேன். இலை பச்சை பாதி, மஞ்சள் பாதி, ஓரத்தில் ஏதோ ஒரு கிளை மட்டும் அவசரப்பட்டுச் சிவந்திருக்கும். திரும்பி வந்ததும் டாக்னிக்கு ஃபோன் போடுவேன். முதல் மணியிலேயே எடுப்பாள்.

"இன்னும் பழுக்கல" என்பேன்.

"அப்படியா. வேற?"

"வேற என்ன, அவ்வளவுதான்."

"சரி. நாளைக்குச் சொல்லு" என்று வைத்துவிடுவாள்.

டாக்னியும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அப்புறம் நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டப் போனேன், அவள் மீன் புகைபோடும் கடைக்கு வேலைக்குப் போனாள். அவள் கல்யாணம் செய்துகொண்டாள், நான் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் மேப்பிள் மர இலை சிவக்கும்போது மேட்டுக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் போவோம். அவள் புருஷன் ஆர்விட் ஒரு தடவை கூட வருகிறேன் என்று சொன்னதில்லை. நல்ல மனுஷன். ஏரியில் பனிக்கட்டி உடைகிற நேரத்தில், அந்த வருஷம் ஏப்ரலில், இறந்துபோனான்.

வீட்டை டாக்னியால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. வாசல் பாதையில் பனியைத் தள்ளவே ஒரு ஆள் வேண்டும். கோடையில் அதை நகரத்துத் தம்பதி யாரோ வாங்கிக்கொண்டார்கள். அவள் மகன் கர்ட் தெற்கே, அரிசோனா பாலைவனத்தில் இருக்கிறான். அக்டோபர் முதல் சனிக்கிழமை வாடகை லாரியோடு வந்து அம்மாவை அழைத்துக்கொண்டு போகப் போகிறான். ஆக, மேட்டுக்கு நாங்கள் போவது இதுதான் கடைசித் தடவை. இலை சரியாகப் பழுத்த நாளில் போக வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

எங்கள் கரையில் இலை இரண்டு தடவை பழுக்கும். முதலில் ஏரியை விட்டு உள்ளே தள்ளி, மேட்டில் மேப்பிள் சிவக்கும். அது கொட்டி முடிகிற நேரத்தில்தான் கரையோரத்துப் பிர்ச், ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும். நகரத்துக்காரர்களுக்கு இது புரிவதே இல்லை. சாலையோரத்தில் நாலு மஞ்சள் இலையைப் பார்த்துவிட்டு நடுச்சாலையில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் நான். ஹாரன் அடிக்க எனக்குக் கை கூசாது. அந்த மேடு எங்கே இருக்கிறது என்றும் நான் சொல்லப் போவதில்லை. எங்கள் ஊரில் புளூபெர்ரிப் பழம் பறிக்கிற இடத்தையும் மேப்பிள் பார்க்கிற இடத்தையும் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. பாதிரியாரே கேட்டாலும் பொய்தான் சொல்வார்கள்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று வைத்தோம். சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து, எந்தப் பக்கமாக ஏறுவது, ஓடையை எங்கே தாண்டுவது, டாக்னியின் முழங்காலுக்கு எந்த வழி ஒத்துவரும் என்று நான் ஒரு சாயங்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு ஏறிய மேட்டுக்குத்தான் இந்த வரைபடம். ஞாயிறு காலை போய்ப் பார்த்தேன், பாதிதான் சிவந்திருந்தது. வேண்டாம் என்றேன்.

"பாதி செவந்தா பாதியப் பாத்துட்டு வருவோம்" என்றாள் டாக்னி.

"பாதி வெந்த சோத்த யாராவது திம்பாங்களா?"

"எனக்குப் பசிச்சா திம்பேன்."

"பொறுத்தது பொறுத்த, இன்னும் நாலு நாள் பொறு."

அடுத்து வைத்த நாளில் மழை தூறியது. ஈர இலையில் வழுக்கும் என்று அதையும் தள்ளிப்போட்டேன். உண்மையில் அந்த மழைக்குத் தொப்பி கூட நனைந்திருக்காது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் பைத்தியங்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள். எங்கள் பக்கத்தில் எதையும் முதல் தடவையே வாங்கிக்கொள்வது அநாகரிகம். ஒருவர் கேக்கை நீட்டினால் "ஐயோ, வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். மறுபடி நீட்டினால் "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவையும் நீட்டினால்தான் "சரி, ஒரு சின்னத் துண்டு" என்று கை நீட்டலாம். அப்போதும் வேண்டாம் என்றால் உண்மையிலேயே வேண்டாம் என்று அர்த்தம். நான்காவது தடவை யாரும் கேட்பதில்லை. அது கெஞ்சல்.

என் வீட்டு மாடியில் ஏரியைப் பார்த்தபடி ஒரு அறை சும்மா கிடக்கிறது. அங்கே வந்து இரு என்று டாக்னியிடம் நான் மூன்று தடவை கேட்டுவிட்டேன். ஆர்விட்டைப் புதைத்துவிட்டு வந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது ஒரு தடவை. ஜூலையில் புளூபெர்ரி பறிக்கும்போது இரண்டாவது தடவை. ஆகஸ்டில் என் வீட்டு நீராவிக் குளியலறையில், சானாவில், இருவரும் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தபோது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் வேண்டாம் என்றுவிட்டாள். அதற்கு அப்புறம்தான் மகனிடம் போவதாகச் சொன்னாள். மானம் உள்ளவள் அதற்கு மேலும் கேட்பாளா? போகட்டும், கள்ளிச்செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வேகட்டும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? குட்டி போட்ட பூனை மாதிரி மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன். அந்த அறையின் ஜன்னலைத் துடைத்தேன். துடைத்துவிட்டு, எவளுக்காகத் துடைக்கிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கர்ட் வருவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை மேடு முழுக்கப் பழுத்துவிட்டது.

சூரியன் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு இலை பச்சை இல்லை. அப்படி ஒரு சிவப்பை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. வண்டியை விட்டு இறங்கி, குடுவை மூடியில் ஊற்றிய காபி ஆறும்வரை நின்றேன். வீட்டுக்கு வந்து ஃபோனை எடுத்தேன்.

"என்ன?" என்றாள் டாக்னி.

"இன்னும் பழுக்கல."

"செவ்வாக்கிழமை ஆயிடுச்சு மார்லிஸ்."

"தெரியும். இன்னும் ரெண்டு நாள் ஆகும்போல."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போதே எனக்குத் தெரியும். போய்ப் பார்த்துவிட்டால் முடிந்துவிடும். பார்க்காத வரைக்கும் எங்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வேலை பாக்கி இருக்கிறவள் ஊரை விட்டுப் போக மாட்டாள் என்று என் மரமண்டை எங்கேயோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் வடமேற்கிலிருந்து காற்று கிளம்பியது. ஏரி கறுத்து, அலை பாறையில் ஏறி அடித்தது. என் கொட்டகைக் கதவு கீல் பெயர்ந்து விழுந்தது. காற்று ஓயாதா என்று ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மேட்டில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று தெரியாதவளா நான்? வியாழக்கிழமை விடிந்ததும் டாக்னியே கூப்பிட்டாள்.

"இன்னைக்குப் போறோம்" என்றாள். "நீ வராட்டி நான் தனியாப் போறேன்."

பறவை வேட்டைக் காலம், யாரும் தவறிச் சுட்டுவிடக் கூடாதே என்று இருவரும் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொண்டோம். டாக்னி தன் கடையில் புகைபோட்ட ஹெரிங் மீனும் முறுமுறுப்பான ரை ரொட்டியும் எடுத்து வந்திருந்தாள். மேட்டின் அடிவாரத்தில் இறங்கியதுமே தெரிந்துவிட்டது. மேலே ஒன்றுமில்லை, வெறும் குச்சிகள். இலையெல்லாம் தரையில் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. டாக்னி குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தாள். நல்ல சிவப்பு, ஒரு புள்ளி இல்லை, ஒரு சுருக்கம் இல்லை.

"இது நேத்து ராத்திரி பழுத்த இலை இல்ல" என்றாள்.

நான் முன்னால் நடந்தேன். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள். உச்சிப் பாறைக்கு வந்து உட்கார்ந்தோம். இலை இருந்தால் அங்கிருந்து ஏரியின் ஒரு கீற்றுதான் தெரியும். அன்றைக்குக் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் சாம்பல் நிறத்தில் தண்ணீர் தெரிந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"செவ்வாக்கிழமை வந்து பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

நான் மீனின் தோலை உரித்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுடி. எனக்குத்தான் பாக்கக் குடுத்து வைக்கல. கேக்கவாவது கேக்குறேன்."

"எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு" என்றேன். "மேடு முழுக்க. ஒரு இலை பாக்கி இல்லாம."

"அப்ப ஏன் பழுக்கலன்ன?"

"வந்து பாத்துட்டா நீ பெட்டி கட்ட ஆரம்பிச்சுடுவ."

"பெட்டி கட்டி ரெண்டு வாரம் ஆச்சு. பாத்திரம் இல்லாம காகிதத் தட்டுல தின்னுக்கிட்டிருக்கேன்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவளுக்கு வருகிற கோபம். அதற்கு நியாயம் கிடையாது, சத்தம் மட்டும் உண்டு.

"நான் என்னடி பண்றது?" என்றேன். "கேக்க வேண்டிய மொறைக்குக் கேட்டாச்சு. மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் மூஞ்சில அடிச்ச மாதிரி வேண்டாம்னுட்ட. அதுக்கு மேல உன் கால்ல விழணுமா?"

டாக்னி ரொட்டியைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு தடவைதான் கேட்ட" என்றாள்.

"மூணு. சானாவுல ஒண்ணு. புளூபெர்ரி பறிக்கப் போனப்ப ஒண்ணு. ஆர்விட்டப் பொதைச்ச அன்னைக்கு ஒண்ணு."

"சாவுக்கு வந்தவங்க சொல்றதையெல்லாம் எவளாவது கணக்குல சேப்பாளா?"

"ஏன் சேக்கக் கூடாது?"

"அன்னைக்கு எல்லாரும்தான் எல்லாம் சொன்னாங்க. எங்க வீட்டுக்கு வா, எங்க படகை எடுத்துக்க, எங்க நாயை வச்சுக்க. ஆர்விட் கூட முப்பது வருஷமா பேசாத அவன் தம்பி என்னை அவன் வீட்டுக்கு வந்து இருக்கச் சொன்னான். நான் என்ன மூட்டையக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேனா?"

"நான் ஊர்ல எல்லாரும் மாதிரியா?"

"நீ வாயில சாண்ட்விச்ச வச்சுக்கிட்டுச் சொன்ன" என்றாள் டாக்னி. "பாதி எனக்குக் காதுலயே விழல."

அவள் சொன்னது சரி. எங்கள் ஊரில் சாவுக்கு வந்து சொல்வது யாரையும் கட்டாது. அது எனக்கும் தெரியும். தெரிந்தே அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன், இன்னொரு தடவை கேட்கிற வேலை மிச்சம் என்று. இன்னொரு வேண்டாம் கேட்கிற பயமும்தான்.

டாக்னி ஏரியைப் பார்த்தபடி பேசினாள். "கர்ட் ஜூன்ல ஒரு தடவை கேட்டான், ஜூலையில ஒரு தடவை கேட்டான். வேண்டாம்னேன். ஆகஸ்ட்ல மூணாவது தடவை கேட்டப்ப, யோசிச்சுச் சொல்றேன்டான்னு இழுத்தேன். எதுக்கு இழுத்தேன்னு நினைக்கிற? சானாவுல நீ ரெண்டாவது தடவை கேட்டு முடிச்சிருந்த. மூணாவது தடவை எப்ப கேப்பன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். மாசக் கடைசி வரைக்கும் பாத்தேன். அவன் பாவம், எத்தனை நாள் காத்திருப்பான். சரின்னுட்டேன்."

"செப்டம்பர்லயாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்றதா? என்னைக் கூப்புடுன்னு நானே சொல்றதா?" அவள் ரொட்டியைப் பாறையில் வைத்தாள். "தினமும் காலையில நீ ஃபோன் பண்ணுவ. மணி அடிச்சதும் ஓடி வந்து எடுப்பேன். கர்ட்டுக்குச் சரின்னு சொல்லிட்டா என்ன, இன்னைக்கு இவ கேட்டா அவன்கிட்ட எப்படியாவது பேசிக்கலாம்னு எடுப்பேன். நீ, இன்னும் பழுக்கலம்ப. வேறன்னு கேப்பேன். ஒண்ணும் இல்லம்ப."

அந்த ஃபோன்கள் ஒவ்வொன்றும் எனக்கு நினைவு வந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவளை விட நான் மோசம். நான் வெண்ணெயைக் காற்றில் விட்டவள். என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் இதுதான் பெரியது என்று அந்தப் பாறையில் உட்கார்ந்தே எனக்குப் புரிந்துவிட்டது.

"மேல் ரூம் காலியாத்தான் இருக்கு" என்றேன். "வந்து இரு டாக்னி. நீ இல்லாம எனக்கு இங்க யாரும் இல்ல."

எங்கள் ஊரில் இப்படி வாயைத் திறந்து யாரும் சொல்வதில்லை. டாக்னி கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன் சுவர இடிச்சு எனக்குன்னு ஒரு ரூம் கட்டியிருக்கான்டி" என்றாள். "தரைக்கு ஓடு பதிச்சு படம் அனுப்பியிருக்கான். மூணாவது தடவைக்குச் சொன்ன சரிய எப்படித் திருப்பி வாங்குறது? அவன் என் பிள்ளை."

இறங்கும்போது அவள் முழங்கால் வலித்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அன்றைக்கு நாங்கள் இலையைப் பற்றிப் பேசவே இல்லை.

சனிக்கிழமை கர்ட் லாரியோடு வந்தான். அப்பாவைப் போலவே மெதுவான ஆள். பெட்டிகளை ஏற்றி முடிக்க மத்தியானம் ஆனது. வீட்டை வாங்கிய நகரத்துத் தம்பதியும் வந்து வாசலில் நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்றார்கள். எங்கள் ஊரில் விடைபெறுவது சீக்கிரம் முடிகிற காரியமில்லை. வீட்டுக்குள் ஒரு தடவை, வாசலில் ஒரு தடவை, வண்டியருகே ஒரு தடவை என்று நடக்கும். வானிலை, சாலை, டயர் எல்லாம் பேசி முடித்த பிறகு டாக்னி லாரியில் ஏறி உட்கார்ந்தாள்.

எல்லோரும் கையசைத்தார்கள். நான் அசைக்கவில்லை. நேராக லாரியிடம் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"போகாதடி" என்றேன்.

எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாகரிகமாகத் தரையைப் பார்த்தார்கள். டாக்னியின் கணக்கில் இது நான்காவது, அதாவது கெஞ்சல். கெஞ்சினால் கெஞ்சினதாக இருக்கட்டும் என்று நின்றேன்.

"ஆன்ட்டி" என்றான் கர்ட், மெதுவாக. "எனக்கும் அம்மா ஒருத்திதான்."

கதவிலிருந்து கையை எடுத்தேன். கர்ட் என்ஜினைக் கிளப்பினான். டாக்னி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். லாரி நகரப் போகிற நேரத்தில் அவன் தோளைத் தொட்டு நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கினாள். அவள் கண் சிவந்திருந்தது. யாரிடமும் எதையும், பக்கத்து வீட்டில் ஒரு கப் சர்க்கரை கூட, கேட்டறியாதவள் அவள்.

"பனி உருகினதும் நான் வரேன்" என்றாள். "வந்தா உன் வீட்ல இருந்துக்கலாமா? கோடை முழுக்க? இலை கொட்டுற வரைக்கும்?"

கர்ட் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். இப்படி அவள் கேட்டு அவனும் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"வா" என்றேன். அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

அவள் தலையாட்டினாள். கண்ணாடி ஏறியது. லாரி ஏரிக்கரைச் சாலையில் திரும்பியது. சாலையோரம் பிர்ச் மரங்கள் அப்போதுதான் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. இலை பார்க்க வந்த நகரத்து அம்மாள் ஒருத்தி குறுக்கே வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்ததால் லாரி அவளுக்குப் பின்னால் நின்றுவிட்டது. நான் ஹாரன் அடிக்க அங்கே இல்லையே என்று முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம், அவள் இன்னும் கொஞ்ச நேரம் படம் எடுக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.